ராக்கப்பன் மாமாவின் பின் சீட்டு

எங்கள் மலையில் ஓடுகிற பஸ்ஸில் பெண்கள் முன்னால் உட்காருவார்கள், ஆண்கள் பின்னால் உட்காருவார்கள். இதற்குச் சட்டம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். முன்பக்கம் நாலைந்து சீட்டுகளுக்கு மேல் பெண்களுக்கு என்று மலையாளத்தில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். மற்ற சீட்டுகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி உட்கார்ந்து போனால் யாரும் இறக்கிவிடப் போவதில்லை. டூரிஸ்ட்டுகள் அப்படித்தான் போகிறார்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் மட்டும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரே நிறுத்தத்தில் நின்று, ஆளுக்கொரு கதவில் ஏறுவார்கள். கல்யாணத்துக்கும் அப்படித்தான், காரியத்துக்கும் அப்படித்தான்.

நான் கற்பகம். வண்டிப்பெரியாறில் தையல் கடை வைத்திருக்கிறேன். பீர்மேட்டிலிருந்து குமுளி போகிற எட்டே முக்கால் பஸ்ஸில் பதினோரு வருஷமாக ஏறி இறங்குகிறேன். அதனால் இந்தப் பஸ்ஸில் நடக்கிற எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்க முடியாது. ராக்கப்பன் மாமா விஷயமும் அப்படித்தான் தெரியும். உறவெல்லாம் கிடையாது, எங்கள் பக்கத்து வீடு. மாமா, அத்தை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

மாமா தேயிலை ஃபேக்டரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். அத்தை சுருளியம்மாள் முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள். ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு மேலே இரண்டு அறை வீடு கட்டி வந்தார்கள். வந்த முதல் மாதமே மாமாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கோழிக்கூண்டைப் பிரித்துக் கட்டினார். கட்டியதைப் பிரித்தார். கோழிகளே சலித்துப்போய் மரத்தில் ஏறித் தூங்க ஆரம்பித்தன. அப்புறம்தான் அத்தை ஒரு ஏற்பாடு செய்தாள். புதன்கிழமை தோறும் எங்கேயாவது போய்விட்டு வருவது என்று.

எங்கேயாவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாரம் குட்டிக்கானம். ஒரு வாரம் குமுளிச் சந்தை. எப்போதாவது மலையிறங்கிக் கம்பம். எங்கே போனாலும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ குடித்துச் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். அந்தச் சண்டையைப் பார்க்கவே நான் ஒருதரம் கூடப் போனேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "எல நல்ல எலதான். வறுக்கத் தெரியாத பய எவனோ கருக்கி வச்சிருக்கான்" என்பாள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "வறுப்பெல்லாம் சுத்தமா இருக்கு. முத்தலக் கிள்ளிப் போட்டிருக்காளுக" என்பார். அவள் கொழுந்துக்காரி, அவர் ஃபேக்டரிக்காரர். தப்பு யார் பக்கம் என்று இன்றுவரைக்கும் தீரவில்லை. கடைக்காரர்தான் பாவம், தன் டீயில் என்ன கோளாறு என்று தானும் ஒரு கிளாஸ் குடித்துப் பார்ப்பார்.

ஆனால் பஸ்ஸில் அவர்கள் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அத்தை எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில். மாமா கடைசி பெஞ்சில் நட்டநடுவில். அங்கே உட்கார்ந்தால்தான் அத்தை எழுந்திருப்பது நேராகத் தெரியுமாம். டிக்கெட் எங்கே வரைக்கும் எடுத்திருந்தாலும், வழியில் பலாப்பழம் கண்ணில் பட்டால் அத்தை எழுந்துவிடுவாள். அவள் எழுந்தால் மாமாவும் எழுந்து பின்கதவில் இறங்கி, பத்தடி தள்ளிப் பின்னாலேயே நடப்பார். நாற்பத்தோரு வருஷமாக இது பிசகாமல் நடந்துவந்தது.

பிசகியதற்குக் காரணம் ஒரு சேலை. யூனியன் பொன்விழாவுக்கு, வேலையில் இருக்கிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி சேலை கொடுத்தார்கள். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. அதற்கு மட்டும் பதினேழு ரவிக்கை தைத்தேன். என் கண்ணுக்கே மஞ்சள் பிடித்துவிட்டது. அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் அதே சேலையில் மூன்று பேர். சுருளி அத்தை, கோழிக்கடைப் பூமாரி, அப்புறம் செபமாலையம்மாள். மூன்று பேருக்கும் அதே கொண்டை, அதே உயரம், முப்பது வருஷம் குனிந்து பறித்த அதே கூன்.

வண்டிப்பெரியாறில் செபமாலையம்மாள் எழுந்தாள். மாதா கோயிலுக்குப் போகிறவள். கடைசி பெஞ்சிலிருந்து மாமாவும் எழுந்தார். எனக்கும் அது இறங்குகிற இடம். முன்னால் செபமாலையம்மாள், பத்தடி தள்ளி மாமா, அவருக்குப் பின்னால் நான். அத்தை பஸ்ஸிலேயே இருக்கிறாளே என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். மனசில் இருப்பதை அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வராது, முதுகைப் பார்த்தால்தான் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"நேத்து வச்ச மீன்கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டப்ப ஒண்ணும் சொல்லல, ஏதோ யோசனையில இருந்துட்டேன். முட்டி வலின்னு சொன்னியே, சாயந்தரம் நான் தேச்சுவிடுறேன். ஒத்தையாப் போட்டுத் தேய்க்காத."

கோயில் படியில் செபமாலையம்மாள் திரும்பினாள். "ராக்கப்பண்ணே, எனக்கு முட்டியில ஒண்ணுமில்ல. இதப் போயி சுருளிகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். சிரித்தது தப்புதான், ஆனாலும் சிரித்தேன்.

அங்கே குமுளியில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அத்தை இறங்கி, பின்கதவைப் பார்த்திருக்கிறாள். ஆண்கள் எல்லாரும் இறங்கி முடிந்தும் மாமா இல்லை. பஸ்ஸுக்குள் ஏறிக் கடைசி பெஞ்சைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு இருக்கிற ஒரே போன் மாமாவின் சட்டைப்பையில். வழியில் எங்கேயாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாரோ என்று அத்தை பயந்துபோயிருக்கிறாள். அடுத்த பஸ் லேட். ஒன்றரை மணி நேரம் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாமா வந்து இறங்கி, நடந்ததைச் சொன்னார். மீன்குழம்பையும் ஒளிக்காமல் சொன்னார். அங்கேதான் கெடுத்துக்கொண்டார்.

"நாப்பத்தோரு வருசமா எங்கிட்டச் சொல்லாதத செபமாலகிட்டச் சொன்னீங்களாக்கும்" என்றாளாம் அத்தை. அதற்கப்புறம் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். பயந்துபோய் அழுதாளா, கோபத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "எம் பொடனியக்கூட அந்த மனுசனுக்குத் தெரியல, கற்பகம். சீலையத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்காரு. இனிமே பக்கத்துல உக்காந்து வாரதா இருந்தா வாரேன். இல்லாட்டி எங்கயும் வரல. ஒரே கோரிக்கதான்."

யூனியனில் இருந்தவள் அல்லவா, ஸ்டிரைக் பண்ணத் தெரியும். அடுத்த புதன்கிழமை அவள் அசையவில்லை. மாமா ரோஷமாகத் தனியாகப் போனார், ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். டீ குடித்தாராம். நல்லா இருந்ததா என்று கேட்டேன். "என்னமோ இருந்துச்சு" என்றார். சண்டை போட ஆளில்லாத டீ அவருக்கு இறங்கவில்லை என்று புரிந்தது.

அதற்கடுத்த வாரம் மாமா இறங்கி வந்தார். சரி, பக்கத்திலேயே உட்காருகிறேன் என்று அத்தையோடு முன்கதவில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது பாம்பனார் வரைக்கும்தான். அங்கே ஐந்து பெண்கள் ஏறினார்கள். வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மாமா எழுந்து பின்னால் போய்விட்டார்.

மறுவாரம் அத்தை பின்கதவில் ஏறிக் கடைசி பெஞ்சுக்கே வந்துவிட்டாள். அது மொத்தமும் ஃபேக்டரிக் கூட்டம். மாமாவோடு சேர்ந்து வேலை பார்த்த சுவக்கீன், "என்ன ராக்கு, ஹனிமூனா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். மாமா சட்டென்று எழுந்து, "நீ உக்காரு சுவக்கீனு, நான் நின்னுக்கிறேன்" என்று இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். அத்தை குமுளி வரைக்கும் சுவக்கீன் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மூல நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் பார்த்து எனக்கே பொறுக்காமல் நான்தான் வழி சொன்னேன். என் சீட்டுக்கு நேர் பின்னால் இரண்டு பேர் உட்காருகிற சீட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் மலையாளத்தில் ஒரு பலகை. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அது வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன், வயது மூத்தவர்களுக்கான சீட்டு, அறுபது ஆனவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் உட்காரலாம், யாரும் எழுப்ப முடியாது என்று.

அத்தையின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகம் விழுந்தது.

இங்கே மாமாவின் வயசு விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பன்னிரண்டு வயதாம். அப்பாவுக்குக் கை ஒடிந்து வேலை போய்விட்டது. ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் பதினெட்டு என்று போட்டால்தான் வேலை. போட்டார்கள். அந்தக் கணக்குப்படி அவருக்கு இப்போது அறுபத்தைந்து. அவர் கணக்குப்படி ஐம்பத்தொன்பது. ஆறு வருஷம் முன்னாலேயே தன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யூனியனிடம் சண்டை போட்டார், ஆபீஸில் சண்டை போட்டார், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சண்டை போட்டார். மாதம் இருமுறை தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசுவார். யாராவது தாத்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தைக்கு அறுபது. மாமாவின் கணக்கை ஒப்புக்கொண்டால் அவர் பெண்டாட்டியைவிட ஒரு வயது சின்னவர். அத்தை இதை விடுவாளா?

"அப்ப என்னை அக்கான்னு கூப்பிடுங்க" என்பாள். "தாலி கட்டுறப்ப ஒங்களுக்குப் பதினெட்டாம். அன்னைக்கே காதோரத்துல நரையிருந்துச்சு, நான் பாத்தேன்" என்பாள். மாமா அது ஃபேக்டரித் தூசி என்பார். நாற்பது வருஷமாக அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள், அவர் முறைத்தார்.

அதனால் அந்தச் சீட்டில் உட்கார மாட்டேன் என்று மாமா ஒரே பிடியாக நின்றார். "அதுல உக்காந்தா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கம்பெனி சொன்னது சரின்னு ஆயிரும். வேற எங்க சொன்னாலும் உக்காருறேன், அங்க மட்டும் முடியாது."

"சரி. நீங்க சின்னப்புள்ள. எனக்குத்தான் வயசாச்சு. நான் உக்காந்துக்கிறேன்" என்றாள் அத்தை.

அந்த வாரம் அவள் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. மாமா கடைசி பெஞ்சிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பனாரில் ஈஸ்வரன் ஏறினார். எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், எழுபது வயது, புதிதாகப் பல் செட்டு மாட்டியிருக்கிறார். அந்தப் பல் தெரிவதற்காகவே எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அவர் நேராக வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டிப்பெரியாறு வரைக்கும் இரண்டு பேரும் பேசிச் சிரித்தார்கள். என்ன அப்படிப் பேச்சு என்று அப்புறம் கேட்டேன். பழைய துரை ஒருத்தர் அட்டைப்பூச்சிக்குப் பயந்து இரண்டு பேண்ட் போட்டுக்கொண்டு மலைக்கு வந்த கதையாம். நான் திரும்பிப் பார்த்தபோது மாமா பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார்.

அந்த ஒரு வாரம் மாமா எங்கள் வேலியோரம் நாலு தரம் வந்து நின்றார். ஒருதரம் சுத்தியல் கேட்டார், கொடுத்தேன், வாங்காமலே போனார். கடைசியில் கேட்டுவிட்டார். "கற்பகம், அவ இந்த வாரமும் அங்கதான் உக்காருவாளா?"

"அங்கதான் உக்காருவாங்க, மாமா. ஈஸ்வரன் ஐயாவும் வருவாரு. இன்னொரு கதையும் பாக்கி இருக்காம்."

எனக்கு அவர்மேல் கோபமாகத்தான் இருந்தது. நாற்பத்தோரு வருஷம் கழித்து ஒரு பெண் கேட்பது பஸ்ஸில் ஒரு பக்கத்து இடம். அதைக் கொடுக்க ஒரு மனுஷன் இத்தனை யோசிப்பானா?

புதன்கிழமை வந்தது. அத்தை முன்கதவில் ஏறினாள், மாமா பின்கதவில் ஏறினார். அத்தை அதே சீட்டில் உட்கார்ந்தாள். பாம்பனாரில் ஈஸ்வரன் ஏறி, பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னாலிருந்து மாமா வந்தார்.

"ஈஸ்வரண்ணே, எந்திரிங்க. அது என் சீட்டு."

ஈஸ்வரன் மேலே பலகையைக் காட்டினார். "ஒன் சீட்டா? இது வயசானவுகளுக்குய்யா. நீதான் அம்பத்தொம்பதாச்சே. எத்தன மனு எழுதியிருக்க, எல்லாத்தையும் நான்தான வாங்கி வச்சேன்."

கண்டக்டர் பிரதீப் டிக்கெட் மெஷினோடு வந்தார். மலையாளி, ஆனால் இந்த ரூட்டில் ஓடி ஓடித் தமிழ் பாதி வந்துவிட்டது. "எந்தா சேட்டா பிரச்சனை? சேட்டனுக்கு எத்தர வயசு?"

கடைசி பெஞ்சில் சுவக்கீன் எழுந்து நின்று பார்த்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"அறுபத்தஞ்சு" என்றார் மாமா.

"கம்பெனி கணக்கா, ஒன் கணக்கா?" ஈஸ்வரன் விடவில்லை.

"கம்பெனி கணக்குதான். நான் கெழவன்தான். எந்திரிங்கண்ணே."

ஈஸ்வரன் எழுந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், அந்தப் பல் செட்டு வெளியே வரவில்லை. மாமாவின் தோளில் தட்டிவிட்டுப் பின்னால் போனார். யாரோ அவருக்கு இடம் கொடுத்தார்கள். மாமா உட்கார்ந்தார். பிரதீப் கேட்குமுன்னே "குமுளி ரெண்டு" என்றார்.

மூன்று வளைவு கழித்துத்தான் அத்தை வாயைத் திறந்தாள். எனக்கு நேர் பின்சீட்டு. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள், காது இருந்தால் கேட்கத்தான் செய்யும்.

"நெசமாவே ஒங்களுக்கு எத்தன வயசு?" என்றாள் அத்தை. கேலி இல்லாத குரல்.

"சொன்னேன்ல, அறுபத்தஞ்சு."

"அது அவுகளுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

மாமா குரலைத் தாழ்த்தினார். "பன்னெண்டுல பதினெட்டுன்னு போட்டாங்க புள்ள. அது சத்தியம். நடுவுல ஆறு வருசம் எனக்கு வரவேயில்ல. ராத்திரி படுத்தேன், காலையில பெரியாளா எந்திரிச்சேன். அதத்தான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். யாரு தரப்போறா, விடு."

அத்தை சிரிக்கவில்லை. நாற்பது வருஷமாக இதற்குச் சிரித்தவள்.

"அந்த வயசுல எதுக்கு ஆசப்பட்டீங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு ஆசப்பட்டேன்..." மாமா யோசித்தார். "இந்தப் பஸ்ஸுல ஜன்னல் ஓரத்துல உக்காந்து குமுளி வரைக்கும் போகணும்னு. ஒரு நாளு உக்காந்துட்டேன். சம்பளம் வாங்குற ஆளுக்கு ஜன்னல் என்னடா, பின்னாடி போடான்னு எங்கப்பாவே எழுப்பிவிட்டாரு. அப்புறம் தோணல."

அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது என் சீட்டின் முதுகு ஆடியது. திரும்பிப் பார்த்தேன். அத்தை கம்பியைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

"தள்ளுங்க அங்கிட்டு."

"எதுக்கு?"

"தள்ளி உக்காருங்கன்னா."

மாமா ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்தார். இவ்வளவு நாள் ஸ்டிரைக் செய்து வாங்கிய சீட்டின் நல்ல பாதியைக் கொடுத்துவிட்டு, அத்தை இந்தப் பக்கம் ஒண்டி உட்கார்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வண்டிப்பெரியாறில் நான் இறங்கினேன். பஸ் என்னைக் கடக்கும்போது மாமா தலையையும் ஒரு கையையும் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். சாயம் பூசிய முடி காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. பின்னால் அத்தையின் கை அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. உள்ளேயிருந்து பிரதீப் கத்துவது ரோட்டில் நின்ற எனக்கே கேட்டது.

"சேட்டா, கையும் தலையும் உள்ள போடு!"

மாமா போடவில்லை.